சந்தை நாள் பார்த்து இங்கிலாந்தின் சிற்றூர்களுக்குப் போவது எப்படி?

கொள்ளிடக்கரை | திங்கள் இரவு 10.12

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி வரை ரெடிங்கில் எங்களோடுதான். லண்டன் காட்டியாகிவிட்டது. போன சனிக்கிழமை ஒரு சுற்றுலாப் பேருந்தில் கோட்ஸ்வோல்ட்ஸ் என்ற நாட்டுப்புறப் பகுதிக்குப் போனோம். ஒரே நாளில் நாலு கிராமம். பைபரியில் இருபது நிமிடம், போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் முக்கால் மணி நேரம். பைபரியில் எங்களுக்கு முன்னால் ஐந்து பேருந்து நின்றது. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுக்க, அம்மா கழிவறை வரிசையில் நின்றே பாதி நேரத்தைத் தொலைத்தார்.

திரும்பும்போது அப்பா கேட்டார்: "ஊரெல்லாம் அழகாத்தான் இருக்கு. ஊர்க்காரங்க எங்கடா?"

அப்பா முப்பது வருடம் நெல் மண்டியில் கணக்குப் பார்த்தவர். வயது 68, முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எனக்குக் கார் இருக்கிறது, ஆனால் அந்தக் குறுகலான சாலைகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பயணம் போக நினைக்கிறோம். ஒன்று போய்த் திரும்பும் ஒரு நாள், இன்னொன்று இரண்டு இரவு தங்கி. ஜனங்கள் நடமாடுகிற ஊராக யாராவது சொல்லுங்களேன்.

மார்ச்சஸ்மணி | திங்கள் இரவு 11.40

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போயிருப்பார்கள். நீங்களும் அங்கே போங்கள்.

பதினொரு வருடமாக ஷ்ராப்ஷயரில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'மார்க்கெட் டவுன்' என்றால் கடைகள் நிறைந்த ஊர் என்று பொருளில்லை. இன்ன நாளில் வாரச் சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று பழைய காலத்தில் உரிமை பெற்ற ஊர். பெரும்பாலும் மன்னர் கொடுத்த பட்டயம். சந்தை கூடினால் சுங்கம் வரும், அதனால் பிரபுக்களும் மடங்களும் போட்டி போட்டுக்கொண்டு பட்டயம் வாங்கினார்கள். ஒருவர் சந்தைக்குப் பக்கத்தில் இன்னொருவர் சந்தை வைத்துப் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது இல்லையா? அதற்கு 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரில் வந்த சட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடியது 20 மைல். அதை மூன்றாகப் பங்கு போடு. காலையில் சந்தைக்கு நடக்க ஒரு பங்கு, விற்க வாங்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. ஆக, இரண்டு சந்தைகளுக்கு நடுவே ஆறு மைலும் இன்னொரு மைலில் மூன்றில் இரண்டு பங்கும் இருக்க வேண்டும். வரைபடத்தை விரித்தால் இன்றைக்கும் பல மாவட்டங்களில் சிற்றூர்கள் ஏறக்குறைய அந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

அதனால் ஊரை முடிவு செய்துவிட்டுக் கிழமையைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு எந்தக் கிழமை ஒழியும், அன்று எங்கே சந்தை என்று தேடுங்கள். பேக்வெல் திங்கள். மோர்ட்டன்-இன்-மார்ஷ் செவ்வாய், யார்க்ஷயரில் ஹாஸும் செவ்வாய்தான். மார்க்கெட் டிரேட்டன் புதன். ரிச்மண்ட் சனி. ஸ்கிப்டன் வாரத்தில் நாலு நாள். சந்தை இல்லாத நாளில் இதே ஊர்கள் கார் நிறுத்துமிடமாகத்தான் தெரியும்.

இரண்டு இரவுக்கு லட்லோ வாருங்கள். ரெடிங்கில் ஏறி நியூபோர்ட்டில் மாறினால் சுமார் மூன்று மணி நேரம். நிலையத்திலிருந்து கொஞ்சம் மேடு, அப்பா மெதுவாக ஏறட்டும். திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை. கோட்டை வாசலுக்கு நேர் எதிரே கோடு போட்ட கூரைத் துணிகளோடு கடைகள் நிற்கும். காய்கறி, தேன், பாலாடைக்கட்டி, செடிகள், பழைய ரம்பம், தாத்தா காலத்துக் கதவுப் பூட்டு எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். மூன்று மணிக்கு மேல் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கோட்டைக்குக் கட்டணம் உண்டு, கொடுத்துப் பார்க்கலாம். ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் இங்கேதான் இறந்தான். அதனால்தான் தம்பி எட்டாம் ஹென்றிக்கு அரியணையும், அண்ணன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். மீதிக் கதை ஊருக்கே தெரியும்.

ஆனால் அப்பாவை நான் கூட்டிப்போகச் சொல்வது சந்தைக்குப் பின்னால் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்துக்கு. அங்கே பாடகர் குழு உட்காரும் மர இருக்கைகளை நிமிர்த்தினால் அடியில் செதுக்கு வேலை இருக்கும். நீண்ட நேரம் நிற்பவர்கள் லேசாகச் சாய்ந்துகொள்ள வைத்த சின்னத் திண்டு அது. தெய்வ உருவங்களை அங்கே செதுக்கி அதன் மேல் உட்கார முடியாதே, அதனால் தச்சர்கள் ஊர்க் கதைகளை எல்லாம் அங்கே இறக்கிவிட்டார்கள். ஒன்றில் ஒரு பேய் ஒரு பெண்ணைத் தோளில் தலைகீழாகப் போட்டு நரகத்துக்குத் தூக்கிப் போகிறது. அவள் கையில் ஒரு குவளை. அளவு குறைத்து பியர் விற்றவளாம். படி குறைத்த வியாபாரிக்கு என்ன கதி என்று 15ஆம் நூற்றாண்டில் மரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.

பஸ்பிரியன் | செவ்வாய் காலை 7.55

மணி சார் சொன்னது எல்லாம் சரி, நான் பேருந்து விஷயம் மட்டும் சொல்கிறேன்.

1. திரும்பும் பேருந்து எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் போகும் பேருந்தில் ஏற வேண்டும்.

2. ஞாயிற்றுக்கிழமை பல கிராமங்களுக்குப் பேருந்தே கிடையாது.

3. மூன்றாவது இல்லை, முதல் இரண்டையும் இன்னொரு முறை படியுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு வழிப் பயணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2023இல் 2 பவுண்டாக இருந்தது, 2025 ஜனவரி முதல் 3 பவுண்டு. அந்தத் திட்டத்தில் இருக்கும் பேருந்துகளில் ஒன்றரை மணி நேரம் மலையும் மேடும் சுற்றினாலும் அவ்வளவுதான். லண்டனில் ஒரு காபிக்கே அது போதாது. மாடிப் பேருந்தில் முன்வரிசை கிடைத்தால் வேலிச் செடிகளுக்கு மேலே கண் போகும். காரில் போனால் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர்தான் தெரியும்.

பழைய ரயில் பாதை இருந்த சிற்றூர்களில் பாதிக்கு இன்று ரயில் இல்லை. 1963இல் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடினார்கள். எந்தக் கிராமத்திலும் வயதானவர் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சொந்த அனுபவம்: ஒரு கிராமத்தில் கடைசிப் பேருந்து 5.40 என்று நினைத்துக்கொண்டு 5.30க்கு நிறுத்தத்தில் நின்றேன். அது பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடும் பேருந்து என்று அட்டவணையின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அன்று விடுமுறை. நாலு மைல் நடந்துவிடலாம் என்று கிளம்பினால் சாலையில் நடைபாதையே இல்லை. திரும்பி வந்து பப்பில் சொன்னேன். ஒரு கிழவர் குவளையைக் காலி செய்யாமல் அப்படியே மூடி வைக்கச் சொல்லிவிட்டு, நாயோடு என்னையும் வண்டியில் ஏற்றி நிலையத்தில் விட்டார். வழியெல்லாம் நாய் என் மடியில்.

சிப்பிங்செல்வி | செவ்வாய் மதியம் 1.20

கோட்ஸ்வோல்ட்ஸை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பைபரிக்குப் போனால் அது யார் தப்பு? அங்கே இருக்கும் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டியது, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றினார்கள். அங்கே இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னலில் மூக்கை ஒட்டி எட்டிப் பார்க்கும் கூட்டத்துக்குப் பயந்து திரை போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் அவர்கள்தான், உங்கள் அப்பா தேடிய ஊர்க்காரர்கள்!

கோட்ஸ்வோல்ட்ஸ் முழுவதும் ஆட்டு முதுகில் ஏறி வந்த பணம். நார்த்லீச் என்று ஒரு சின்ன ஊர். தேவாலயம் ஊருக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரிது. உள்ளே தரையில் கம்பளி வியாபாரிகளின் கல்லறைகள், மேலே பித்தளைத் தகட்டில் அவர்கள் உருவம். பிரபுக்கள் காலடியில் சிங்கமோ நாயோ வைத்துக்கொள்வார்கள், இவர்கள் காலடியில் ஆடும் கம்பளிப் பொதியும். வெட்கமே படவில்லை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஸ்டோ-ஆன்-த-வோல்டில் சதுக்கத்துக்கு வரும் சந்துகள் ஆள் தோள் இடிக்கும் அளவுக்குக் குறுகல். மந்தையை ஒற்றை வரிசையாக விட்டு எண்ணுவதற்குத்தான் அப்படி வைத்தார்கள் என்பார்கள். பிரபுக்கள் அவையின் தலைவர் இன்றும் கம்பளி அடைத்த திண்டில்தான் உட்காருகிறார்.

என் ஓட்டு சிப்பிங் கேம்டனுக்கு. 'சிப்பிங்' என்றாலே பழைய ஆங்கிலத்தில் சந்தை. நடுத்தெருவில் 1627இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற பெரும் வணிகர் கட்டிக்கொடுத்த சந்தை மண்டபம் நிற்கிறது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்றவர்கள் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று கட்டியது. நாலு பக்கமும் வளைவு, உள்ளே கல் தரை. அந்தத் தரையைப் பாருங்கள். ஒரு கல் மேடு, ஒரு கல் பள்ளம், நூற்றுக்கணக்கான வருடத்துக் கால்கள் தேய்த்தது. அப்பாவுக்குக் கைத்தடி இருந்தால் கொண்டுவாருங்கள்.

செவ்வாய் காலை ரயிலில் மோர்ட்டன்-இன்-மார்ஷ். நிலையத்திலிருந்து சந்தைக்கு ஐந்து நிமிட நடை, மேடே இல்லை. மதியம் பேருந்தில் கேம்டன். அவ்வளவுதான், மூன்றாவது ஊர் வேண்டாம்.

லாவன்ஹாம்லதா | செவ்வாய் மாலை 6.05

கிழக்கே யாருமே பார்க்க மாட்டேன் என்கிறீர்கள். சஃபோக்கில் லாவன்ஹாம். நீலக் கம்பளித் துணி நெய்து 1524 வரிக் கணக்கில் இங்கிலாந்தின் பதினான்காவது பணக்கார ஊராக இருந்தது. அப்புறம் தொழில் படுத்தது. புது வீடு கட்டப் பணமில்லாததால் பழைய மரச்சட்ட வீடுகளை இடிக்கவே இல்லை. இன்று அந்தக் கோணல் வீடுகளைப் பார்க்கத்தான் கூட்டம். ஒரு தலைமுறையின் கஷ்டகாலம் இன்னொரு தலைமுறைக்குச் சுற்றுலா வருமானம். ரெடிங்கிலிருந்து தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிமீன் | செவ்வாய் மாலை 6.31

புத்தகப் பைத்தியம் யாராவது இருந்தால் ஹே-ஆன்-வை போகலாமே? இங்கிலாந்தின் பழைய புத்தக ஊர்.

மார்ச்சஸ்மணி | செவ்வாய் மாலை 6.33

அது வேல்ஸில் இருக்கிறது. எல்லைக்கு ஒரு சில அடி தள்ளி, ஆனாலும் வேல்ஸ். அந்த ஊர்க்காரர் காதில் விழுந்தால் வம்பு. அங்கே ரிச்சர்ட் பூத் என்ற புத்தகக் கடைக்காரர் 1977 ஏப்ரல் 1ஆம் தேதி தன்னையே மன்னராக அறிவித்துக்கொண்டார், அதனால் தனி நாடு என்றுகூடச் சொல்லலாம்.

ஷெஃபீல்ட்பொடியன் | செவ்வாய் இரவு 9.15

தம்பி, ஆக்கள் நடமாடும் இடம்தானே கேட்டனீங்கள்? திங்கட்கிழமை பேக்வெல். கடைத்தெரு ஒரு பக்கம், ஆற்றுக்கு அங்கால் கால்நடை ஏலம். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம், கட்டணமில்லை. வட்டமான களம், சுற்றிப் படிக்கட்டு இருக்கைகள், பச்சை மேலங்கி போட்ட விவசாயிகள். ஆடு உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் விலை முடிந்துவிடும். ஏலக்காரர் மூச்சு விடாமல் கதைப்பதில் எனக்கு முதல் அரை மணி நேரம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. யார் விலை கேட்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் கையைக்கூட அசைக்கவில்லை, கடைசியில் பன்னிரண்டு ஆடு அவருடையதாம். புருவத்தாலேயே வாங்கியிருக்கிறார். உங்கள் அப்பா இதை நல்லாய் ரசிப்பார்.

சைவமென்றால் சந்தையோடு நிறுத்துங்கள், ஏலத்துக்கு அம்மாவைக் கொண்டுபோக வேண்டாம்.

பேக்வெலில் இருந்து கிட்டத்தான் ஈயம் கிராமம். வடிவான ஊர், ஆனால் வடிவுக்காகப் போகிற இடமில்லை. 1665இல் லண்டனில் கொள்ளைநோய். அங்கிருந்து இந்த ஊர்த் தையல்காரருக்கு ஒரு துணிப் பொதி வந்தது. ஈரமாக இருக்கிறதென்று அவருடைய உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அதை விரித்துக் காயப்போட்டான். துணியில் தெள்ளுப்பூச்சி. செப்டம்பர் 7ஆம் தேதி அவன் செத்தான். அடுத்த ஆண்டு நோய் கூடியபோது பாதிரியார் வில்லியம் மொம்பெசன், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியையும் சேர்த்துக்கொண்டு, ஊரை விட்டு ஒருவரும் வெளியே போவதில்லை என்று சனத்தைச் சம்மதிக்க வைத்தார். அயல் ஊர்க்காரர் எல்லைக் கல்லில் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் குழி தோண்டி, அதில் வினாகிரி ஊற்றி, காசை அதற்குள் போட்டார்கள், நோய் காசோடு போகாமல் இருக்க. அந்தக் கல் இப்பவும் கிடக்கிறது. குழிக்குள் விரல் விட்டுப் பார்த்தேன், ஓரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

14 மாதத்தில் 260 பேர் போனார்கள். எலிசபெத் ஹேன்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தாள். அந்தக் கல்லறைகள் ஊருக்கு வெளியே வயலுக்கு நடுவில், சின்னக் கல்மதில் கட்டி இருக்கின்றன. மொம்பெசனின் மனைவி கேத்தரினும் அதே மாதம் செத்தாள். கொரோனாக் காலம் முடிந்த பிறகு நான் போனேன். அதைப் பற்றி அதிகம் எழுத ஏலாது.

கொள்ளிடக்கரை | புதன் காலை 8.10

எல்லோருக்கும் நன்றி. ஈயம் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன், அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார். அடுத்த முறை தனியாகப் போகிறேன்.

சாப்பாடு பற்றி யாராவது? போன முறை அம்மா நாள் முழுக்கச் சிப்ஸ் சாப்பிட்டே ஓட்டினார்.

மீனாலீட்ஸ் | புதன் காலை 11.02

சாப்பாட்டில் முக்கியமானது நேரம். கிராமத்துப் பப்பில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும். அப்புறம் ஆறு மணிக்குத்தான். மூன்று மணிக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் வேர்க்கடலைப் பொட்டலம் கொடுப்பார்கள். மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், கவுண்டரில் போய்ச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை இருபத்தைந்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

அம்மாவுக்குச் சூப்பும் ரொட்டியும், தோலோடு சுட்ட உருளைக்கிழங்கும் பீன்ஸும் அநேகமாக எங்கேயும் கிடைக்கும். பாலாடைக்கட்டியில் கவனம். பழைய முறையில் செய்பவற்றில் பலதில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைமருந்து சேர்ப்பார்கள். சைவம் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், சந்தைக்காரர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உற்சாகமாகவே சொல்வார்கள். ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியில் சில கடைகளில் முட்டை உண்டு, சிலவற்றில் இல்லை. பேக்வெல் புட்டிங்கில் கட்டாயம் உண்டு.

பாலாடைக்கட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டில்டன் என்ற பெயர் பெற்ற கட்டியை டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றில் மட்டுமே செய்யலாம் என்று சட்டப் பாதுகாப்பு. ஸ்டில்டன் என்ற ஊர் கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது. ஆக, ஸ்டில்டனில் ஸ்டில்டன் செய்யக் கூடாது! எங்கள் வீட்டில் இதைச் சொல்லாமல் ஒரு விருந்தும் முடியாது.

எப்படியும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். தேவாலயத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒற்றையடி | புதன் மதியம் 3.44

சந்தை, தேவாலயம், பப் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு ஊருக்கு நடுவில் இருப்பதுதானே நாட்டுப்புறம்?

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம்: இங்கே தனியார் வயலின் நடுவே நடந்துபோக எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, பொதுப்பாதை என்று பதிவாகியிருந்தால். இங்கிலாந்து, வேல்ஸ் சேர்த்து சுமார் 1,40,000 மைல் அப்படிப் பாதை. மரக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில் பச்சைப் புள்ளிக் கோடாகக் காட்டியிருக்கும். நான் முதல் வருடம் முழுக்க, யாராவது விரட்டுவார்கள் என்று வேலியோரமாகவே நடந்தேன். ஒரு நாள் டிராக்டர்காரர் நிறுத்தினார். செத்தோம் என்று நினைத்தேன். "பாதை நடுவயலில் போகிறது, ஓரமாக நடந்து என் பயிரை மிதிக்காதே" என்றார்.

இந்த உரிமை எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். 1951இல் அந்தப் பகுதிதான் முதல் தேசியப் பூங்கா ஆனது.

முழங்கால் வலிக்காரருக்கு ஒரே தடை வேலியில் இருக்கும் ஏறு படிகள். ஆற்றோரப் பாதைகளில் இது குறைவு. கன்றோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள். நம் ஊர் மாடு மாதிரி என்று தட்டிக்கொடுக்கப் போகாதீர்கள்.

பஸ்பிரியன் | புதன் மாலை 5.12

காரில் போகிறவர்களுக்கு: ஒற்றைத் தடச் சாலையில் எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான். அவருக்கும் அது தெரியும். கை தூக்கி நன்றி சொல்ல மறக்காதீர்கள், இந்த நாட்டில் அதை மறப்பது பெரிய குற்றம்.

ஆற்காடு73 | புதன் இரவு 10.30

மணி சார் மார்க்கெட் டிரேட்டன் பெயரைச் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டார். ராபர்ட் கிளைவின் ஊர் அது. 1725இல் பக்கத்தில் பிறந்தவன். சிறுவயதில் அந்த ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் ஏறி, மேலே துருத்தி நிற்கும் கல் உருவத்தின் மேல் உட்கார்ந்தான் என்றும், பையன்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களிடம் காசு பறித்தான் என்றும் ஊர்க் கதை. அடங்காத பிள்ளையைக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக மதராசுக்குக் கப்பல் ஏற்றினார்கள். 1744இல் வந்து இறங்கினான். 1751இல் எங்கள் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். அங்கிருந்துதான் அவன் பேர் ஓங்கியது.

புதன்கிழமைச் சந்தையில் கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். அங்கேயே வழுக்கியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. 1774இல் செத்தவனை மோர்ட்டன் சே கிராமத் தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். எந்த இடம் என்று அடையாளம் இல்லை, சுவரில் ஒரு சின்னத் தகடு மட்டும்.

சிப்பிங்செல்வி | புதன் இரவு 10.48

விடுமுறைக்கு வந்த பெரியவர்களை அங்கே கூட்டிப்போய் இரத்தக்கொதிப்பை ஏற்ற வேண்டுமா?

ஆற்காடு73 | புதன் இரவு 10.55

ஏற்ற வேண்டாம், தெரிந்துகொண்டு போகலாம் என்கிறேன். உங்கள் கோட்ஸ்வோல்ட்ஸிலும் செஸின்கோட் மாளிகை இருக்கிறதே, மோர்ட்டன்-இன்-மார்ஷுக்குப் பக்கத்திலேயே. கம்பெனிப் பணம் பண்ணித் திரும்பிய சார்லஸ் காக்கரலுக்கு அவர் அண்ணன் சாமுவேல் பெப்பிஸ் காக்கரல் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிக்கொடுத்தது. ஆட்டுக்கிடைக்கு நடுவில் முகலாயக் குவிமாடம். எல்லாப் பணமும் ஆட்டு முதுகில் வந்துவிடவில்லை, அக்கா.

சிப்பிங்செல்வி | புதன் இரவு 11.01

தம்பி சொல்வது சரி. ஒத்துக்கொள்கிறேன்.  

ஆற்காடு73 | புதன் இரவு 11.06

எதிர்த் திசையில் பணம் போன கதையும் ஒன்று உண்டு, அதுவும் கொள்ளிடக்கரையார் வீட்டுக்கு அருகிலேயே. ரெடிங்கிலிருந்து பத்து மைலுக்குள், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஸ்டோக் ரோ. சுண்ணாம்புக் குன்றின் மேல் இருக்கும் ஊர், தண்ணீருக்குத் திண்டாட்டம். வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு பையன் அம்மாவிடம் அடி வாங்கினான் என்று, அந்தப் பக்கத்து ஆளான எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி காசி மகாராஜாவிடம் சொன்னாராம். மகாராஜா பணம் கொடுத்துக் கிணறு வெட்டச் சொன்னார். 1863இல் தொடங்கி அடுத்த ஆண்டு திறந்தார்கள். நாலடி அகலம், 368 அடி ஆழம், எல்லாம் கையால் தோண்டியது. மேலே குவிமாடம், வாளி இறக்கும் இயந்திரத்தின் மேல் தங்க நிற யானை. பக்கத்தில் கிணற்றுக் காவலருக்கு ஒரு குட்டி வீடு, செலவுக்கு வருமானம் வரட்டும் என்று செர்ரித் தோப்பு.

கொள்ளிடக்கரை | பதினொரு நாள் கழித்து, ஞாயிறு இரவு 9.20

போய் வந்தோம். விவரம் எழுதாவிட்டால் பாவம் சேரும்.

ஸ்டோக் ரோவுக்குக் கார்தான். அப்பா கம்பிக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு, 368 அடியை ஆள் உயரத்தில் வகுத்து, வாளி ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார். அம்மாவுக்கு யானை பிடித்தது.

லட்லோவுக்கு வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்பினோம். வெள்ளி காலை மழை, பாதிக் கடைதான். சனிக்கிழமை வெயில் வந்ததும் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. காய்கறிக் கடைக்காரரும் அப்பாவும் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் கால் மணி நேரம் பேசினார்கள். பீன்ஸை ஒடித்துக் காட்டி இது முற்றல் என்றார் அப்பா. அவர் இன்னொரு கூடையை எடுத்துக் கொடுத்தார். பேரம் பேசாதீர்கள் என்று நான் பின்னால் இருந்து சட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மூட்டை கட்டும் நேரத்தில் அந்த மனிதரே கூப்பிட்டு, மிச்சமிருந்த டாம்சன் பழம் இரண்டு கிலோவை ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்.

தேவாலயத்தில் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தோம். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மண்டியிட முடியாமல் பக்கத்து இருக்கையில் கையூன்றிக் குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். "குவளையை விடாம பிடிச்சிருக்கா பாரு" என்றார். அப்புறம் அவர் மண்டியில் ஒரு முதலாளி மரக்காலுக்கு அடியில் மெழுகு ஒட்டி வைத்திருந்த கதையைச் சொன்னார். முப்பது வருடத்தில் எங்களிடம் சொல்லாத கதை.

டாம்சன் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அம்மா பெருங்காயமும் வெந்தயமும் போட்டுத் தொக்கு கிண்டிவிட்டார். மூன்று பாட்டில் வந்தது.

மார்ச்சஸ்மணி | ஞாயிறு இரவு 9.34

கொட்டையை முன்னாலேயே எடுத்தாரா, வெந்த பிறகா? பதினொரு வருடமாக அந்தக் கொட்டையோடு போராடுகிறேன்.

கொள்ளிடக்கரை | ஞாயிறு இரவு 9.51

வெந்த பிறகுதானாம். ஆறவிட்டுக் கையால் பிசைந்து எடுக்க வேண்டும், நல்லெண்ணெய் தாராளமாக விடச் சொல்கிறார்.